அஸர் முதல் இஷா வரை



மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், தெரிந்த குடும்பத்தார் வீட்டுக்கு ஒரு நாள் மாலை போயிருந்தேன். மாடிப்படி ஏறும்போதே மக்ரிப் பாங்கு முடிந்துகொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு தாயின் குரல் கேட்டது. "பாங்கு சொல்லியாச்சு! இன்னும் என்ன விளையாட்டு? எழுந்திரு! உளூ செய்! எத்தனை தடவை கத்துறது?"

உள்ளே போனேன். மூத்தவன் புத்தகப் பையைக் கவிழ்த்துப் போட்டு, கணக்கு நோட்டைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்தான். ஆறு வயது மகள் முகத்தில் பாதியை நனைத்துக்கொண்டு, உளூ ஆகிவிட்டது என்று சாதித்தாள். கைக்குழந்தை தாயின் இடுப்பில் இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. எப்படியோ எல்லோரும் தொழுதோம்.

தொழுகைக்குப் பிறகு அந்தச் சிறுமியை மடியில் இருத்திக்கொண்டு, "தொழுகை நேரம் வந்துவிட்டதென்று உனக்கு எப்படியம்மா தெரியும்?" என்று கேட்டேன். பாங்கு என்று சொல்லுவாள் என்றே எதிர்பார்த்தேன். குழந்தை சற்றும் யோசியாமல், "அம்மா கத்துவாங்க" என்றாள்.

தாயின் முகம் வாடிவிட்டது. "மாமி, நான் என்னதான் செய்வேன்? மூணு மணி நேரத்துல முப்பது வேலை. கத்தலேன்னா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

சகோதரிகளே, அவர் சோம்பேறித் தாயல்லர். வக்து தவறிவிடக்கூடாதே என்ற கவலைதான் அவரைக் கத்த வைத்தது. ஆனால் அந்தக் கவலை குழந்தையின் மனத்தில் என்னவாக விழுந்திருக்கிறது, பார்த்தீர்களா? அல்லாஹ்வின் அழைப்பு அவள் காதில் விழவில்லை. தாயின் கோபம்தான் விழுந்தது. தொழுகையின் முதல் நினைவே கோபமாக இருந்தால், வளர்ந்தபின் அந்தப் பிள்ளை தொழுகையை எப்படி நேசிக்கும்? இதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மூன்று ஆணிகள்

மாலைப் பொழுது குழம்புவதற்குக் காரணம் வேலை மிகுதி மட்டுமன்று. எல்லா வேலையும் ஒரே சமயத்தில் வந்து நிற்பதே பெரிய காரணம். பசியாற்றுதல், வீட்டுப்பாடம், ஓதல், தொழுகை, சமையல், குளியல் எல்லாம் "இப்போதே" என்று நிற்கின்றன. எதை முன்னே எடுப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

அந்த ஒழுங்கை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சுவரில் அடித்த ஆணிகளைப் போல, அல்லாஹு தஆலா நம் மாலையில் மூன்று வக்துகளை அமைத்துத் தந்திருக்கிறான். அஸர், மக்ரிப், இஷா. வேலைகளை இந்த ஆணிகளில் மாட்டிவிட்டால் அவை தரையில் சிதறிக் கிடக்கமாட்டா.

நமது சென்னையில் ஷாஃபிஈ மத்ஹபுப்படி அஸர் வக்து ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 3 மணிக்கும் 3.45க்கும் இடையில் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபுப்படி 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் தொடங்குகிறது. மக்ரிப், நவம்பர் கடைசியில் 5.40 அளவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 அளவிலும் வருகிறது. ஆக, ஆண்டு முழுவதற்கும் ஒரு மணி நேர வித்தியாசந்தான். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே எந்த மாதமானாலும் சுமார் ஒன்றேகால் மணி நேரம் உண்டு. சரியான நிமிடங்களை உங்கள் பள்ளிவாசல் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது எவ்வளவு பெரிய வசதி என்பதை நாம் நினைப்பதேயில்லை. லண்டனில் வாழும் நம் சகோதரிகளுக்கு ஜூன் மாதத்தில் மக்ரிப் இரவு ஒன்பதேகாலுக்கு மேல் வருகிறது. டிசம்பரிலோ பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. அங்கே பிள்ளையின் உறக்கத்தையும் தொழுகையையும் பொருத்துவது பெரும் பாடு. நமக்கோ, பள்ளி விடும் நேரமும் உறங்கும் நேரமும் இந்த மூன்று வக்துகளோடு தாமாகவே பொருந்தி வருகின்றன. ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே ஒரு தலையான வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அஸருக்குப் பின் பசியும் விளையாட்டும். மக்ரிபுக்குப் பின் ஓதலும் பாடமும். இஷாவுக்குப் பின் உறக்கம். இவ்வளவுதான்.

அஸர்: பசியும் விளையாட்டும்

ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த தாய்மார்கள், பிள்ளைகளின் வேன் வந்து நிற்பதற்கு முன்பே அஸரைத் தொழுதுவிடலாம். ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள், பிள்ளைகளுக்குப் பசியாற்றி விளையாட விட்ட உடனே தொழலாம். வெயில் மஞ்சளிக்கும் வரை தள்ளிப் போடுவது வெறுக்கத்தக்கது. இந்த ஒரு தொழுகை நிம்மதியாக முடிந்துவிட்டால் தாயின் மனம் பாதி அமைதி அடைந்துவிடும்.

பள்ளியிலிருந்து வரும் பிள்ளை பசியோடு வருகிறது. பசித்த பிள்ளையிடம் "இன்று என்ன மார்க்கு? நோட்டு எங்கே?" என்று கேட்பது, வெயிலில் வந்த விருந்தாளியிடம் தண்ணீர் கொடுக்காமல் கணக்குக் கேட்பது போலாகும். முதலில் ஸலாம் சொல்லுங்கள். பிறகு கை கால் கழுவச் சொல்லி, வீட்டில் செய்த எதையேனும் கொடுங்கள். சுண்டல், கேழ்வரகுக் கஞ்சி, வாழைப்பழம், பொரிகடலை எதுவாயினும் நன்று. கேள்விகளைச் சற்று நேரம் தள்ளி வையுங்கள்.

உண்ணும் இந்த நேரமே ஒரு மதரஸாவாகும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் கை, உண்ணும்போது தட்டு முழுவதும் அலைந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அடட்டவில்லை. அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகிலுள்ளதை எடுக்கவும் மூன்றே செய்திகளைச் சுருக்கமாகக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் தம்மிடம் நிலைத்துவிட்டதாக அவரே பின்னாளில் அறிவித்தார். நீண்ட உபதேசத்தைவிடத் தக்க நேரத்தில் சொன்ன ஒரு சொல் எவ்வளவு ஆழப் பதிகிறது என்பதற்கு இது சான்று.

பசியாறிய பிறகு விளையாட்டு. "விளையாட்டா? நேரம் எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்பீர்கள். ஹிஜ்ரி 505ல், அதாவது 1111ல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதும் பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளையை அதன் களைப்புத் தீரும்படி நல்ல விளையாட்டு விளையாட விடவேண்டும் என்கிறார்கள். விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் உள்ளம் செத்துப்போகும், அறிவு மழுங்கும், படிப்பிலிருந்தே தப்பிக்கப் பிள்ளை தந்திரம் தேடும் என்றும் எச்சரிக்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்னது, நமது டியூஷன் வீதிகளைப் பார்த்துச் சொன்னது போல் இல்லையா?

தியாகராய நகரில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் பனகல் பூங்காவைச் சுற்றிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் தாய்மார்களைப் பார்க்கிறேன். திங்கள் இந்தி, செவ்வாய் அபாக்கஸ், புதன் கராத்தே என்று வாரம் நிறைந்துவிடுகிறது. எல்லாம் நல்ல கலைகளே. ஆனால் ஏழு வயதுக்குள் எல்லாமே வேண்டுமா? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் பிள்ளை பூங்காவில் ஓடட்டும். மயிலாப்பூரில் நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கிறது. அடையாற்றில் இருப்பவர்களுக்குக் கடற்கரையே பக்கத்தில் இருக்கிறது. எங்கும் போக முடியாவிட்டால் மொட்டை மாடி போதும், கைப்பிடிச் சுவர் உயரமாகவும் கண்காணிக்கப் பெரியவர் ஒருவரும் இருந்தால்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஒரு வேலையாக அனுப்பினார்கள். அவரோ கடைவீதியில் விளையாடும் சிறுவர்களைப் பார்த்து நின்றுவிட்டார். திடீரென்று பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! செல்லமாகப் பெயரைச் சொல்லி அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். பத்து ஆண்டுகள் பணி செய்தும் தம்மை ஒரு தடவைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். விளையாட்டில் மறந்து நிற்கும் பிள்ளையைச் சிரித்த முகத்தோடு திருப்பி அழைப்பதும் ஸுன்னத்துதான்.

மக்ரிப்: வீடு கூடும் நேரம்

இருட்டத் தொடங்கும் வேளையில் பிள்ளைகளை வெளியே விடாமல் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆகவே, பாங்குக்குப் பதினைந்து நிமிடம் முன்பே பிள்ளைகள் உள்ளே வந்துவிட வேண்டும். பாங்கு சொன்ன பிறகு கூப்பிடத் தொடங்கினால் கத்தல் நிச்சயம். கச்சேரி ரோட்டுச் சகோதரியின் வீட்டில் நடந்த தவறு இதுதான். பாங்கு ஒலித்தபோது விளையாட்டு நடுவில் இருந்தது, பை கவிழ்ந்து கிடந்தது, பால் அடுப்பில் இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தை முன்னால் வைத்தால் பின்னால் வரும் ஒன்றரை மணி நேரம் சீராகிவிடும். அடுப்பையும் அந்நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

உளூ செய்ய வைப்பதும் ஒரு பாடமே. 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். குழாயைத் திறந்துவிட்டு உளூ செய்யும் பழக்கம் பிள்ளைக்கு வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் உளூ செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. அது நம் கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. சிறிய செம்பு ஒன்றைப் பிள்ளைக்கென்று வையுங்கள். "இந்தச் செம்புத் தண்ணீரிலேயே முடிக்க முடியுமா, பார்ப்போம்" என்றால் அது விளையாட்டாகவும் இருக்கும், ஸுன்னத்தாகவும் இருக்கும். பாதி முகம் நனைந்த உளூவும் மெல்ல மெல்ல முழுமையாகும்.

இப்போது தொழுகை. ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழும்படி ஏவுங்கள் என்பது நபிமொழி. கண்டிப்பு பத்து வயதில்தான் பேசப்படுகிறது. இடையில் உள்ள மூன்று ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து வக்து வீதம் ஐயாயிரத்துக்கும் அதிகமான தடவைகள் வருகின்றன. அத்தனை தடவையும் சொல்லிச் சொல்லியே பழக்க வேண்டும் என்பதல்லவா இதன் பொருள்? ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கோ ஏவலும் இல்லை. அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்தால் சந்தோஷம். ஓடிவிட்டால் குற்றமில்லை.

சிறு குழந்தை உள்ள தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் சில சந்தேகங்களுக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன்.

தொழும்போது பிள்ளை முதுகில் ஏறினால் என்ன செய்வது? நாயகம் (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, பிள்ளை தானாக இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டினார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதும் இருக்கிறார்கள். ஆகவே பதற வேண்டாம். பிள்ளையின் உடலிலோ துணியிலோ அசுத்தம் இருப்பது தெரிந்தால் மட்டும் மாற்றிவிட்டுத் தூக்குங்கள். உங்கள் தொழுகை உடையையும் மக்கனாவையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தனியே மாட்டி வைத்தால், "துணி சுத்தமில்லையே" என்ற தயக்கம் வராது.

பிள்ளை அழுதால்? அழுகைச் சத்தம் கேட்டு, அதன் தாய் படும் வேதனையை எண்ணி, இமாமாக நின்ற பெருமானார் (ஸல்) அவர்களே தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். நீங்களும் சிறிய ஸூராக்களை ஓதி முடித்துவிடலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால், அதாவது அடுப்பருகே போகிறது, மாடிப்படி விளிம்புக்குப் போகிறது என்றால், தொழுகையை முறித்துவிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுவது கட்டாயம். பிறகு முதலிலிருந்து தொழுதுகொள்ளுங்கள்.

பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை விட்டுப் பாங்கோடு எழ முடியாவிட்டால்? மக்ரிப் வக்து மேற்கே செம்மை மறையும் வரை உண்டு. இது ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட சொல்லாகும். அதன்பின் தெரியும் வெண்மை மறையும் வரை உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். விரைந்து தொழுவதே சிறப்பு. ஆனாலும் குழந்தையை அமர்த்திவிட்டுச் சற்றுத் தாமதித்துத் தொழும் தாய், வக்தைத் தவறவிட்டவள் ஆகமாட்டாள். இதை அறியாததால் எத்தனையோ தாய்மார்கள் வீணாக மனம் நொந்து, அந்த நோவைப் பிள்ளைகள் மேல் இறக்குகிறார்கள்.

மக்ரிப் முதல் இஷா வரை: ஓதலும் பாடமும்

நம் ஊர்களில் மக்ரிபுக்குப் பின் வீடுதோறும் ஓதும் குரல் கேட்ட காலத்தை நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்னை வீட்டிலும் அது முடியாததன்று. பதினைந்து நிமிடம் போதும். முஸல்லாவை மடிக்கும் முன்பே, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே ஓதிவிடுங்கள். "சாப்பிட்டுவிட்டு ஓதலாம்" என்றால் அந்த நாள் போய்விடும். சிறியவர்களுக்கு ஒரு வரி, பெரியவர்களுக்கு அரைப் பக்கம். மாலை மதரஸாவுக்குப் போகும் பிள்ளையாயின், அன்றைய பாடத்தை ஒரு முறை கேட்டாலே போதும். இரண்டாவது மதரஸாவை வீட்டில் நடத்த வேண்டாம்.

அடுத்து, பள்ளிப் பாடம். இங்கே ஒரு செய்தியைத் தாய்மார்கள் அறிந்திருக்க வேண்டும். 2018 மே மாதத்தில் நமது சென்னை உயர்நீதிமன்றம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசும் அந்த இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் வேண்டாம் என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 2020ல் வெளியான பள்ளிப் பை பற்றிய கொள்கையோ, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீட்டுப்பாடம் கூடாது என்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை! ஆகவே, ஆறு வயதுப் பிள்ளையை இரவு ஒன்பது மணி வரை எழுத வைத்து அழ வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளியில் அதிகம் கொடுத்தால் மரியாதையாக வகுப்பு ஆசிரியையிடம் எடுத்துச் சொல்லுங்கள். பல சமயம் அவர்களுக்கே அது சுமைதான்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போதும். ஒரே பாயில் எல்லோரும் உட்காரட்டும். தாய் அரிசி பொறுக்கிக்கொண்டோ, காய் நறுக்கிக்கொண்டோ பக்கத்தில் இருக்கலாம். பாடம் முடிந்ததும் நாளைய பையை அப்போதே அடுக்கி வாசல் பக்கம் வைத்துவிட வேண்டும். காணாமற்போன கணக்கு நோட்டு இரவிலேயே தேடப்படட்டும். அதிகாலையில் தேடினால் வீடே கலவரமாகும்.

கைபேசியைப் பற்றி ஒரு சொல். பிள்ளை அமைதியாக இருக்கட்டும் என்று கையில் கொடுப்பது இரவல் வாங்கிய அமைதி. திரும்பப் பிடுங்கும்போது வட்டியோடு அழுகை வரும். இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதினும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. மக்ரிபிலிருந்து இஷா வரை எல்லாக் கைபேசிகளும் அலமாரியில் இருக்கட்டும். எல்லாமும் என்றால் தாயினுடையதும் சேர்த்துத்தான்.

இஷா: உறக்கம்

ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் உறக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். மூன்று முதல் ஐந்து வயதினருக்குப் பகல் தூக்கம் உட்படப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டரைக்குள் உறங்கினால்தான் ஒன்பதரை மணி நேரம் கிடைக்கும். மாலையில் அழுது அடம் பிடிக்கும் பிள்ளைகள் பல பேருக்குக் குறை தீனிலும் இல்லை, குணத்திலும் இல்லை. தூக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகையால் இரவுச் சாப்பாட்டை இஷாவுக்கு முன்பே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். உணவு வைக்கப்பட்டு, தொழுகையும் நெருங்கினால் முதலில் உணவை முடிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பது எவ்வளவு கருணை! ஏழு வயதைக் கடந்தவர்கள் வக்து வந்ததும் தொழுதுவிட்டுப் படுக்கட்டும். அதற்குக் கீழே உள்ளவர்கள் முன்பே உறங்கினால் உறங்கட்டும்.

படுக்கும் முன் வாசலைத் தாழிடுதல், பாத்திரங்களை மூடி வைத்தல், விளக்கை அணைத்தல் ஆகியவற்றை அல்லாஹ்வின் பெயர் சொல்லிச் செய்ய அதே ஜாபிர் (ரலி) அவர்களின் ஹதீஸ் கற்பிக்கிறது. இவற்றைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். ஒருவன் தாழ்ப்பாள், ஒருத்தி தண்ணீர்க் குடத்து மூடி, ஒருவன் விளக்கு. 'பிஸ்மி' சொல்லிச் செய்யும் இந்தச் சிறு வேலைகளில் தீனும் வளரும், தாயின் சுமையும் குறையும்.

இஷாவுக்குப் பிந்திய நேரத்தை, அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டிய மூன்று நேரங்களில் ஒன்றாக ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனம் ஆக்கியிருக்கிறது. பெற்றோருக்கும் ஓய்வு உண்டு, அதைப் பிள்ளைகள் மதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

தகப்பனாரின் பங்கு

இதுவரை தாயை நோக்கியே பேசினேன். இந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றே ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் தந்தார்கள். மாலையில் வீட்டிலிருக்கும் தகப்பனார், மகனைக் கைப்பிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனாலே தாய்க்கு அரை மணி நேரம் கிடைத்துவிடும்.

தியாகராய நகரில் கடை வைத்திருப்பவரும் கடையில் வேலை செய்பவரும் இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்ப முடியாது என்பது உண்மை. அவர்கள் காலையை எடுத்துக்கொள்ளட்டும். ஸுபுஹுக்குப் பின் பெரிய பிள்ளைக்குக் கால் மணி நேரம் ஓதிக்கொடுப்பதும், சீருடை போட்டு வேன் ஏற்றுவதும் அவர் பங்காகட்டும். வேலைக்குப் போய்வரும் தாயின் வீட்டிலோ, பாட்டி தாத்தா இருந்தால் அஸர் பொழுது அவர்களுடையது.

ஃபாத்திமா (ரலி) அவர்கள் திரிகை அரைத்துக் கை காய்த்துப்போய், தந்தையிடம் ஒரு பணியாளைக் கேட்கப் போனார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் இரவில் மகள் வீட்டுக்கே வந்து, படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை ஓதக் கற்றுக்கொடுத்து, அதுவே பணியாளைவிடச் சிறந்தது என்றார்கள். வேலை செய்து களைத்த ஒரு தாய்க்குக் கிடைத்த பரிசு இது. எத்தனை கலைந்த மாலையானாலும் இதை ஓதிவிட்டு உறங்குங்கள்.

இந்த மாதம் செய்து பார்க்க

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் வாரம், மக்ரிபுக்குப் பதினைந்து நிமிடம் முன்பே பிள்ளைகளை உள்ளே சேர்த்து, அடுப்பை அணைப்பது மட்டும். இரண்டாம் வாரம், முஸல்லாவிலேயே பதினைந்து நிமிடம் ஓதல். மூன்றாம் வாரம், இஷாவுக்கு முன் சாப்பாடு. நான்காம் வாரம், கைபேசிகள் அலமாரிக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேன் தாமதமாகி, மக்ரிபும் 5.40க்கு வந்து நிற்கும் நாட்களில் திட்டம் கலையும். பரீட்சை நாட்களிலும் காய்ச்சல் நாட்களிலும் கலையும். கலையட்டும். அன்றைக்கு ஃபர்ளான தொழுகையும், உணவும், உறக்கமும் போதும். மறுநாள் மீண்டும் அதே ஆணிகள் அங்கேயே இருக்கும்.

கச்சேரி ரோட்டுச் சகோதரியும் முதல் வாரப் பாடத்தை மட்டுமே எடுத்துக்கொண்டார். பாங்குக்கு முன்பே தாமே முஸல்லாவை விரித்து, மக்கனா அணிந்து, சத்தமின்றி உட்கார்ந்துகொண்டார். முதல் சில நாட்கள் ஒருவரும் வரவில்லையாம். பிறகு மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சில மாதங்கள் கழித்துப் போனபோது அவளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "பாங்கு சொல்லுவாங்க" என்றாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சில நாள் அம்மாவும் கத்துவாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். தாயும் சிரித்தார், நானும் சிரித்தேன். பாங்கு முதலில் வந்துவிட்டது, அது போதும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, நம் நாவுகளில் கனிவையும் நம் மாலைப் பொழுதுகளில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.